சபை ஊசியை நிறுத்தச் சொல்கிறது, மாமியார் நேர்ச்சைக்குக் கூப்பிடுகிறார்: நான் என்ன செய்ய?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏழு வயது மகனுக்குப் போன வருடம் டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. தினமும் நாலு வேளை இன்சுலின். ஆரம்பித்த கொஞ்ச நாளில் ஊசியின் அளவு வெகுவாகக் குறைந்தது. ஜெபக்குழுவில் ‘பிள்ளை சுகமாகிவிட்டான்’ என்று சாட்சி சொல்ல வைத்தார்கள். சில மாதங்களில் சுகர் மறுபடி ஏறியது. ‘உங்கள் விசுவாசக் குறைவுதான்’ என்று இப்போது சொல்கிறார்கள். வரும் உபவாச ஜெபத்தன்று ஊசியை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டச் சொல்கிறார்கள். கணவர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், ரப்பர் பால் வெட்டப் போகிறவர். கல்யாணத்துக்குப் பிறகு சர்ச்சுக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது வருவதில்லை. மாமியார் மண்டைக்காட்டம்மனுக்கு நேர்ச்சை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வயது மகள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. “எனக்கு என் விசுவாசமும் வேண்டும், வீடும் வேண்டும். எப்படி?” என்று கேட்கிறார்.

தங்கச்சி, முதலில் ஊசி விஷயம். ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். உபவாச ஜெபத்தன்றும் கூடாது, அதற்கு அடுத்த நாளும் கூடாது. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை.

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சொல்கிறேன். டைப் 1-ல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. பெரியவர்களுக்கு வருகிற சுகர் மாதிரி மாத்திரையாலும் பத்தியத்தாலும் சமாளிக்கக்கூடியது அல்ல. வெளியிலிருந்து இன்சுலின் போகாவிட்டால் உடம்பு கொழுப்பைக் கரைத்து எரிக்க ஆரம்பிக்கும்; ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் சேரும். ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு, மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். 1922 ஜனவரியில் கனடாவின் டொரோன்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத்தான் உலகத்திலேயே முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் மாதக்கணக்கில், மிஞ்சினால் சில வருடங்களில் இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் உருகி ஜெபித்தவர்கள்தான். விசுவாசம் குறைந்ததால் அந்தப் பிள்ளைகள் போகவில்லை, இன்சுலின் இல்லாததால் போனார்கள்.

இனி அந்தச் சாட்சி விஷயம். உங்கள் மனசைப் போட்டு அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நோய் தெரிந்து இன்சுலின் ஆரம்பித்ததும், மிச்சமிருக்கும் கொஞ்சம் செல்களுக்கு ஓய்வு கிடைத்து அவை மறுபடி வேலை செய்யத் தொடங்கும். ஊசியின் அளவு பாதியாகும். சில பிள்ளைகளுக்கு நாளுக்கு ஓரிரு யூனிட் போதும் என்கிற அளவுக்குக்கூட இறங்கும். டாக்டர்கள் இதைத் தேன்நிலவுக் காலம் என்பார்கள். சிலருக்குச் சில வாரம், பலருக்குச் சில மாதம், அபூர்வமாக ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். அப்புறம் அந்தச் செல்களும் போய்விடும், ஊசி பழைய அளவுக்கு ஏறும். கும்பிடுகிற பிள்ளைக்கும் இது நடக்கும், சாமியே இல்லை என்கிற வீட்டுப் பிள்ளைக்கும் நடக்கும்.

சிக்கல் என்னவென்றால், நோய் தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் அடித்துப்பிடித்து ஜெபம், நேர்ச்சை, நாட்டுமருந்து என்று ஓடுவதும் சரியாக அந்த மாதங்களில்தான். ஆகவே யார் என்ன செய்திருந்தாலும் அது பலித்த மாதிரியே தெரியும். வார்டில் இருந்தபோது இந்த ஒரே மாற்றத்துக்குப் பல காரணங்களைக் கேட்டிருக்கிறேன்: ஒருத்தருக்கு சுவாமித்தோப்புப் பதியின் திருமண், ஒருத்தருக்கு வேளாங்கண்ணி எண்ணெய், இன்னொருத்தருக்குத் தக்கலை பீர்முகமது அப்பா தர்காவில் ஓதிக் கட்டிய கயிறு, வேறொருத்தருக்குச் சிறுகுறிஞ்சான் பொடி. உங்களை மேடையேற்றியவர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை, அவர்களுக்கு இந்த விவரம் தெரியாது. ஆனால் சுகர் ஏறியதும் பழியைத் தூக்கி உங்கள் தலையில் போட்டார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் விசுவாசம் அன்றைக்கு எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இன்றைக்கும். மாறியது கணையம்.

வேதத்தைக் காட்டிக் கேட்பார்கள். நீங்களும் வேதத்தையே காட்டுங்கள். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக்குருடனைப் பார்த்து “இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா” என்று சீடர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சாகக்கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார், ஜெபம் கேட்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணில் பற்றுப்போடத்தான் சொன்னார். லூக்கா வைத்தியர். பவுல் தன் முள்ளை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை வேண்டியும் அது எடுபடவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதாது என்று எந்த ஊழியக்காரரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை.

நம்ம மாவட்டத்தில் இதைச் சொல்லவேண்டி இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். இங்கே சுவிசேஷமும் ஆஸ்பத்திரியும் கைகோத்து வந்தவை. நெய்யூரில் லண்டன் மிஷன் 1838-லேயே மருத்துவ வேலையைத் தொடங்கிவிட்டது. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டர், லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய பெரிய வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து வருடக்கணக்கில் கத்தி பிடித்தார். வடசேரியில் இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி இருக்கிறது. இவற்றைக் கட்டியவர்கள் விசுவாசம் குறைந்தவர்களா என்று ஜெபக்குழுவில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்துக்கோ, தாயத்து மந்திரத்துக்கோ விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்திருக்கிறது. சுவரொட்டியையும் யூடியூபையும் காட்டி உறவுக்காரர்கள் வரும்போது இது உதவும்.

குழுவோடு சண்டை வேண்டாம். “ஊசி அளவை டாக்டர் மட்டும்தான் மாற்றுவார். நீங்கள் எங்களுக்காக ஜெபியுங்கள்” என்று ஒரே வாக்கியத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். அப்படியும் வற்புறுத்துகிறவர் இருந்தால் அந்த ஆள் வரும் கூட்டத்துக்குப் போகாதீர்கள். ஆயரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆயர்கள் இதைக் கேட்டால் பதறிவிடுவார்கள். பையனை மட்டும் இனி எந்த மேடையிலும் ஏற்றாதீர்கள், சுகமானதாகச் சொல்லவும் வேண்டாம், சுகத்துக்காக அழவைக்கவும் வேண்டாம். ஊரார் முன்னால் சுகமானவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை, தலைசுற்றினாலும் வெளியே சொல்லாது. அம்மாவை அது தோற்கடித்தது மாதிரி ஆகிவிடும் என்று பயப்படும்.

சபையால் உண்மையில் முடிகிற உதவிகள் நிறைய உண்டு, அவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். பணத்தைத் தின்பது சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்தான். குணமளிக்கும் கூட்டங்களுக்குக் கார் பிடித்துப் போகும் காசில் எத்தனை டப்பா ஸ்ட்ரிப் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறுபள்ளி டீச்சருக்குச் சுகர் இறங்கினால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். மாதத்தில் ஒரு சாயங்காலம் பையனைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்காளைக் கேளுங்கள்.

மாமியாருக்கு வருகிறேன். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த கலவரம் நம்ம பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளிலும் இந்து வீடுகளிலும் இன்னும் பேச்சில் வரும். உங்கள் தயக்கத்தில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம், தப்பில்லை. ஆனால் மாமியார் அம்மனிடம் போவது உங்களை மதம் மாற்ற அல்ல. அந்த வயதில் அவரால் பேரனுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறார். நேர்ச்சை அவருடையது, நிறைவேற்றட்டும். நீங்கள் கும்பிடவேண்டும் என்று கட்டாயமில்லை, தடுக்கவேண்டும் என்றும் இல்லை. ஒரு எல்லை மட்டும் போடுங்கள்: பையனின் உடம்பை வருத்தும் நேர்ச்சை கூடாது. மொட்டை போடலாம். பட்டினி, வெறும் வயிற்றில் நடை, உருளு நேர்ச்சை, இவையெல்லாம் சுகரைத் திடீரென்று இறக்கிவிடும்.

இதே எல்லை உங்கள் பக்கத்துக்கும் உண்டு, லெந்து கால உபவாசத்தில் பையனைச் சேர்க்காதீர்கள். ரமலான் நோன்பிலேயே நோயாளிக்குக் குர்ஆன் விலக்கு கொடுத்திருக்கிறது. நாம் மட்டும் ஏன் பிள்ளையைப் பட்டினி போட்டுப் பக்தியைக் காட்டவேண்டும்?

மண்டைக்காடு போனால் மண்டையப்பம் வரும். தலைநோய்க்கு நேர்ந்துகொண்டு படைப்பது அது; பேரனுக்குக் கொடுக்க மாமியாருக்கு ஆசை இருக்கும். நீங்கள் “இனிப்பு விஷம்” என்று பிடுங்குவீர்கள், பாட்டி ஒளித்துக் கொடுப்பார், ராத்திரி சுகர் முந்நூறைத் தாண்டும், யாருக்கும் காரணம் தெரியாது. இந்தக் கதை கொடைவிழா முடிந்த வாரங்களில் வார்டில் வாடிக்கை. அப்பத்தில் மாவும் வெல்லமும் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சின்னத் துண்டைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, அதற்கான இன்சுலினை டாக்டர் சொல்லிக்கொடுத்த கணக்குப்படி போட்டால் ஒன்றும் ஆகாது. கிறிஸ்துமஸ் கேக்குக்கும் பக்கத்து வீட்டுப் பாயசத்துக்கும் இதே கணக்கு. ‘கருப்பட்டிதானே, தேன்தானே, ஒண்ணும் செய்யாது’ என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டும் சுகரை ஏற்றும், மரச்சீனிக்கிழங்கும் ஏத்தன்பழமும்கூட ஏற்றும். மாமியாருக்கு மீட்டரில் சுகர் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அப்பம் தின்று ரெண்டு மணி நேரம் கழித்து எண் என்ன காட்டுகிறது என்று அவரே பார்க்கட்டும். ஒளித்துக் கொடுக்கும் பழக்கம் அதோடு நின்றுவிடும்.

கணவர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அவர் சர்ச்சுக்கு வராததை நீங்கள் விசுவாசக் குறைவாகப் பார்க்கிறீர்கள். அதே பெயரைத்தானே உங்களுக்கு ஜெபக்குழு வைத்தது? சுகமானதாகச் சொல்லிக் கைதட்டிய இடத்தில், சுகர் ஏறிய மகனோடு போய் உட்கார ஒரு அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்காதா? கடவுளிடம் கோபப்படுகிறவன் கடவுளை விட்டுவிட்டான் என்று அர்த்தமில்லை. கண்பார்வை போன சுந்தரர் திருவாரூர்ச் சிவனைப் பார்த்து, நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று வைதுதான் பாடினார். வைத பிறகுதான் கண் கிடைத்தது என்பது கதை. சங்கீதங்களில் நிறைய முறையீடுதான். அவரை ஞாயிறுதோறும் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சண்டையாக்க வேண்டாம்.

அதற்குப் பதில் அவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். டைப் 1 பிள்ளைகளுக்கு ராத்திரி சுகர் இறங்கும் அபாயம் உண்டு, அதைப் பிடிக்க அதிகாலை மூன்று மணிவாக்கில் ஒரு தடவை விரலில் குத்திப் பார்க்கச் சொல்வோம். அந்த நேரத்துக்கு எழுந்திருக்க முடியாமல்தான் பல தாய்மார் அலாரம் வைத்து அரைத்தூக்கத்தில் தவித்துப்போகிறார்கள். பால் வெட்டப் போகிறவர் எப்படியும் விடியுமுன் எழுந்து தலையில் லைட் கட்டுகிறவர். கிளம்புவதற்கு முன்னால் பையனின் விரலைப் பிடித்துப் பார்க்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகாது. எழுபதுக்குக் கீழே இருந்தால் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்துவிட்டுப் போகட்டும். எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும், காலையில் நீங்கள் பார்ப்பீர்கள். ஊசி, சாப்பாடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியே தூக்கிச் சுமக்கும் வீடுகளில், அப்பா மெதுவாக வெளியாள் ஆகிவிடுகிறார். பிறகு அவர் கோபப்பட்டால் ‘உங்களுக்கு என்ன தெரியும்’ என்று ஒரு வார்த்தை விழும், அதோடு பேச்சு முடிந்துவிடும். மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களில் யார் எழுந்திருப்பது என்று மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மகள். பன்னிரண்டு வயதில் ஒரு பெண்பிள்ளை வாய் மூடிவிட்டால் மூன்று காரணங்களை முதலில் யோசிப்பேன்: தம்பி செத்துப்போவானோ என்ற பயம், தனக்கும் வருமோ என்ற பயம், தன்னை யாரும் பார்ப்பதில்லை என்ற வருத்தம். முதல் இரண்டையும் நேராகப் பேசித் தீர்க்கலாம். ஒழுங்காக இன்சுலின் எடுக்கும் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து வாழ்கிறார்கள். உடன்பிறப்புக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்தான், ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. மூன்றாவதற்குப் பேச்சு போதாது, நேரம் கொடுக்கவேண்டும். தம்பியைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவளை மட்டும் மார்த்தாண்டம் சந்தைக்குக் கூட்டிப்போங்கள், சுகரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதீர்கள். அவளைக் குட்டி நர்ஸாகவும் ஆக்கிவிடாதீர்கள். குடும்ப ஜெபத்தில் தம்பிக்காக அரைமணி நேரம் ஜெபித்துவிட்டு அவள் பரீட்சையை மறந்துபோகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பிற்பாடு ஜெபத்தையே வெறுக்கின்றன.

பையனுக்கு என்ன சொல்வது? ஏழு வயதில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைக்கும். “நான் என்ன தப்பு செய்தேன், எனக்கு மட்டும் ஏன் ஊசி” என்று அவன் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் ஓடும். உடம்பைக் காக்கிற காவல்காரன் திருடன் என்று நினைத்து வீட்டு ஆளையே அடித்துவிட்டான், அதனால்தான் இன்சுலின் வெளியிலிருந்து வருகிறது, இதில் உன் தப்பு ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள். ‘சேட்டை பண்ணினால் இன்னொரு ஊசி’ என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக்கூடாது. ராத்திரி அவன் சுகத்துக்காக ஜெபித்தால் ஜெபிக்கட்டும். ‘அடுத்த கிறிஸ்துமஸுக்குள் சரியாகிவிடும்’ என்று நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கிறிஸ்துமஸ் வரும்போது பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

வீட்டில் ஜெபமும் ஊசியும் ஒன்றையொன்று இடிக்கிற இடம் உண்மையில் எது தெரியுமா? சாப்பாட்டு மேசை. சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலின் கால்மணி நேரத்துக்குள் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ஊசி போட்டாயிற்று, சோறும் பரிமாறியாயிற்று; அப்போது பார்த்து வீட்டுக்கு வந்த உபதேசியார் எழுந்து நின்று ஜெபத்தைத் தொடங்குவார். அது முடிவதற்குள் பையனுக்குக் கை நடுங்கும், வியர்க்கும். ஆகவே முதலில் ஜெபம், அப்புறம் ஊசி, உடனே சாப்பாடு. விருந்தாளி யாராக இருந்தாலும் இந்த வரிசைதான் என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊசி போடும் இடத்தில் ஜெப எண்ணெய் தேய்க்காதீர்கள், நெற்றியில் தேய்த்துக்கொள்ளலாம்.

தூக்கத்தில் வியர்த்துக் கொட்டி, கண் திறந்திருந்தும் ஆளைத் தெரியாமல் உளறினால் அது பேயுமில்லை, பொல்லாத ஆவியுமில்லை, சுகர் இறக்கம். மாமியாரின் திருநீறும் உங்கள் ஜெபமும் குளுக்கோஸ் கொடுத்த பிறகுதான். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, பழவாடை அடிக்கும் வேகமூச்சு, இதில் எது வந்தாலும் நேராக ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்திலுள்ள குழந்தைகள் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். சாப்பிடவில்லையே என்று அன்றைக்கு ஊசியை நிறுத்துவதும் தப்பு. அளவை டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டைக்காட்டு மாசிக்கொடைத் திருவிழாவுக்கு மாமியார் அவனையும் கூட்டிப்போக ஆசைப்பட்டால் அனுப்பலாம், உங்கள் கணவரும் கூடப் போகட்டும். பையில் மீட்டர், ஸ்ட்ரிப், குளுக்கோஸ் பொட்டலம், பிஸ்கட், ஊசி எல்லாம் இருக்கவேண்டும். வெயிலில் நிறுத்திய வேனுக்குள் இன்சுலினை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாது. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் முப்பது டிகிரிக்குக் கீழே நாலு வாரம்வரை தாங்கும், மாசி வெயிலில் வேனுக்குள் அதைவிட எவ்வளவோ ஏறிவிடும். ஈரத்துணி சுற்றிய சின்ன மண்சட்டிக்குள் பாலிதீன் பையில் கட்டி வைத்தால் போதும். 2017-ல் ஒக்கிப் புயல் அடித்து கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் பிரிட்ஜ் வைத்திருந்த வீடுகளும் இந்த மண்பானைக்குத்தான் வந்தன. ஐஸ்கட்டி மேல் நேராக வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் வேலை செய்யாது.